கார்பன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்

காட்டைக் காத்தால் கார்பன் பணம், அதாவது மரங்கள் காற்றிலிருந்து இழுத்துச் சேர்த்து வைக்கும் கார்பனுக்கான பணம், வரும் என்று யாராவது ஊருக்கு வந்தால், முதலில் காகிதத்தைத் தமிழில் கேளுங்கள். எங்கள் கிராம சபையில் வரிவரியாக வாசித்துக் காட்டுகிறவன் நான்தான். தொகையை விட்டுவிட்டு விறகைப் பற்றி எழுதியிருக்கும் இடத்தைத்தான் தேடுவேன். சுள்ளி பொறுக்கலாமா, மாடு மேயலாமா, தேன் எடுக்கலாமா, தடை எத்தனை ஆண்டுக்கு? “உரிய அனுமதியுடன்” என்றிருந்தால் யாருடைய அனுமதி என்று எழுதி வாங்குங்கள். எங்களுக்கு அந்த ஒரு சொல்லுக்கே ஒரு சாயங்காலம் போனது.

அப்புறம் காட்டில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்ற கணக்கு. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் மரத்தைச் சுற்றி டேப் பிடிப்பார்கள். ஊர்ப் பிள்ளைகளும் கூடவே அளக்கட்டும். மரத்தின் உலர் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அதை 3.67-ஆல் பெருக்கினால் கார்பன் டை ஆக்சைடு. காட்டைக் காத்து மிச்சப்படுத்தும் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு கிரெடிட், அதாவது விற்கக்கூடிய ஒரு சான்று.

2006 வன உரிமைச் சட்டப்படி சமூக வன உரிமை, அதாவது ஊரே சேர்ந்து காட்டைப் பயன்படுத்தவும் காக்கவும் உள்ள உரிமை, வாங்கியிருந்தால் பேரத்தில் பலம் கூடும். மேகாலயாவின் காசி மலையில், மாவ்ப்லாங் பக்கம், ஹிமா எனப்படும் காசி மக்களின் பாரம்பரிய ஆட்சிச் சபைகளே சேர்ந்து இப்படியொரு திட்டத்தை நடத்தின. காடு அவர்கள் கையில் இருந்தது, அது பெரிய விஷயம். சரி, பணம் யார் கணக்கில், எந்த மாதம் விழும்? அதையும் அன்றைக்கே தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள்.