சிங்கப்பூர், மலேசியா போகிறீர்களா? ஊர் சிம்மைக் கழற்றாதீர்கள்

அம்மாவைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர் போயிருந்தேன். மறுநாள் மலாக்காவுக்கு பஸ். ராத்திரி ரூமில் உட்கார்ந்து டிக்கெட் போட்டால், கார்டு நம்பர் எல்லாம் கொடுத்த பிறகு ஓடிபி பெட்டி திறக்கிறது, ஓடிபி மட்டும் வரவில்லை. மூன்று முறை மறுபடி அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். எப்படி வரும்? சாங்கி விமான நிலையத்தில் உள்ளூர் சிம் வாங்கிப் போட்டுவிட்டு, ஊர் சிம்மை டிஷ்யூ பேப்பரில் மடித்து சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

சரி என்று அதை எடுத்து மாட்டினேன். சிக்னலே இல்லை, ரோமிங் (நம் சிம் வெளிநாட்டு நெட்வொர்க்கில் ஓடுவதற்கான வசதி) ஆன் செய்யாமல் வந்திருக்கிறேன். ஆன் செய்யலாம் என்று கம்பெனி ஆப்பைத் திறந்தால், உள்ளே நுழைய ஓடிபி அனுப்பியிருக்கிறதாம். அதே நம்பருக்கு!

அந்த ராத்திரிக்குப் பிறகு மூன்று பயணம் போய்விட்டேன், ஒரு தடவையும் இப்படி மாட்டிக்கொள்ளவில்லை. செய்வது இவ்வளவுதான்: ஊர் சிம் போனிலேயே இருக்கும், ஓடிபி வாங்குவது மட்டும் அதன் வேலை. இன்டர்நெட் எல்லாம் இன்னொரு சிம்மில்.

1. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு

ஊர் சிம்மில் இன்டர்நேஷனல் ரோமிங்கை ஆன் செய்யுங்கள். பிரீபெய்டு என்றால் திரும்பி வரும் தேதி வரைக்கும் வேலிடிட்டி இருக்கிறதா என்று பாருங்கள். சில பிளான்களில் ரோமிங் பேக் போட்டால்தான் வெளிநாட்டில் சிக்னலே பிடிக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு உள்ளே வரும் எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு பிடிக்கவில்லை. பேக் இல்லாமல் வரும் காலை எடுத்துப் பேசினால் கண்டிப்பாகப் பிடிப்பார்கள். மாமா ஊரிலிருந்து கூப்பிட்டால் கட் செய்துவிட்டு வாட்ஸ்அப்பில் பேசுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்படியே பேங்க் ஆப்பில் கார்டுக்கு வெளிநாட்டுப் பயன்பாட்டையும் ஆன் செய்துவிடுங்கள். 2020 அக்டோபரிலிருந்து புதிதாகத் தரும் கார்டுகளில் நாமாக ஆன் செய்தால்தான் அது வேலை செய்யும்.

2. இ-சிம்

இ-சிம் என்பது கையில் பிடிக்கும் சிம் இல்லை, போனுக்குள்ளேயே பதிந்துகொள்ளும் சிம். டயல் பேடில் *#06# அடியுங்கள். ஐஎம்இஐ நம்பரோடு ஈஐடி என்று ஒரு நீள நம்பரும் வந்தால் உங்கள் போனில் இ-சிம் போடலாம். ஐபோனில் 2018இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் தொடங்கி இருக்கிறது.

விமான நிலையத்து கவுன்ட்டரில் பாஸ்போர்ட்டைக் கொடுத்து வரிசையில் நிற்பதைவிட, வீட்டிலேயே இ-சிம் வாங்கிப் போட்டுக்கொண்டு போவதுதான் எனக்குப் பிடித்தது. ஐந்து நாளைக்கு 5 ஜிபி தாராளம். ‘அன்லிமிடெட்’ என்பதை நம்பாதீர்கள். ஒரு அளவுக்கு மேல் போனால் வேகத்தைக் குறைத்துவிடும் பிளான்கள் நிறைய.

க்யூஆர் கோடு மெயிலில் வரும். எந்தப் போனில் இ-சிம் போட வேண்டுமோ அதே போனின் திரையில் கோடு இருக்கும்போது கேமராவை எங்கே காட்டுவது? வீட்டில் இன்னொரு போனுக்கு அனுப்பி, அதில் திறந்து ஸ்கேன் செய்யுங்கள். வேறு போன் இல்லையென்றால் மெயிலிலேயே ஆக்டிவேஷன் கோடு இருக்கும், அதைக் கையால் அடிக்கலாம். வைஃபை வேண்டும், அதனால் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். போட்டபின் ‘ஏதோ சரியில்லையே’ என்று அழித்துவிடாதீர்கள். பெரும்பாலும் அந்தக் கோடு ஒரு தடவைக்குத்தான். ஊரில் இருக்கும்வரை அதில் சிக்னல் காட்டாது, அது சரிதான்.

3. இறங்கியதும் செட்டிங்ஸ்

என்னிடம் வழி கேட்பவர்களில் பாதிப் பேர் தடுமாறுவது இங்கேதான். நானும் இ-சிம்மோடு போன முதல் தடவை சாங்கியில் பெல்ட் பக்கத்தில் நின்று, பெட்டி இரண்டு சுற்று போன பிறகுதான் கண்டுபிடித்தேன்.

‘வெளிநாட்டில் டேட்டா ரோமிங்கை ஆஃப் செய், இல்லையென்றால் பில் தீட்டிவிடும்’ என்று எல்லோரும் சொல்லி அனுப்புவார்கள். நானும் இரண்டு சிம்மிலும் ஆஃப் செய்தேன். இ-சிம்மில் சிக்னல் கட்டம் நாலும் நிற்கிறது, நெட் மட்டும் வரவில்லை. காரணம், நாம் வாங்கும் பயண இ-சிம் பல சமயம் சிங்கப்பூர் கம்பெனியுடையதே இல்லை. வேறொரு நாட்டு கம்பெனியின் சிம், சிங்கப்பூரில் ரோமிங்கில் ஓடுகிறது. ஆகவே அந்த லைனுக்கு ரோமிங் ஆன் ஆகத்தான் இருக்க வேண்டும். அதற்குத் தனியாக பில் வராது, பணம் முன்னாலேயே கட்டியாயிற்று.

ஆகவே ஊர் சிம்மில் லைன் ஆன், டேட்டா ரோமிங் ஆஃப். இ-சிம்மில் லைனும் ஆன், டேட்டா ரோமிங்கும் ஆன். மொபைல் டேட்டாவுக்கு எந்த சிம் என்று கேட்கும் இடத்தில் இ-சிம். ஐபோனில் அதற்குக் கீழேயே ‘அலவ் செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்’ என்று ஒன்று இருக்கும். ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் மற்றதன் டேட்டாவுக்குத் தானாகத் தாவுகிற வசதி. அதை ஆஃப் செய்யுங்கள்.

இதற்கு மேலும் நெட் வரவில்லையென்றால் ஏரோப்ளேன் மோடை ஒரு நிமிடம் போட்டு எடுங்கள். அப்போதும் இல்லையென்றால் மெயிலில் கொடுத்திருக்கும் ஏபிஎன் பெயரை (சிம் எந்த வழியாக நெட்டைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லும் பெயர்) சிம் செட்டிங்ஸில் அடிக்க வேண்டியிருக்கும்.

4. வாட்ஸ்அப், போன் நம்பர்

புது சிம்மைப் பார்த்ததும் வாட்ஸ்அப் ‘நம்பரை மாற்றவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய நம்பரிலேயே ஓடும். காண்டாக்ட்டில் இருப்பவர்களை +91 போட்டு சேமித்துக்கொள்ளுங்கள். 0வை அழுத்திப் பிடித்தால் + வரும்.

அம்மாவின் போன்

அம்மா போனில் இ-சிம் கிடையாது. இரண்டாவது சிம் இடத்தில் மெமரி கார்டு உட்கார்ந்திருந்தது. நிறைய போன்களில் இரண்டாவது சிம்முக்கும் கார்டுக்கும் ஒரே பள்ளம்தான். கார்டை எடுத்தால் பக்திப் பாட்டு எல்லாம் போய்விடும் என்று அம்மா விடவில்லை. கடைசியில் பாட்டைப் போனுக்குள் மாற்றிக் கொடுத்த பிறகுதான் கார்டைத் தந்தார். சிம் ட்ரே திறக்கும் ஊசியை மறக்காதீர்கள். அம்மாவின் காது கம்மல் அதற்குச் சரிப்படவில்லை, பார்த்தாயிற்று.

பட்டன் போன் கொண்டுபோகும் பெரியவர்களுக்கு: சிங்கப்பூரில் 2ஜியை 2017 ஏப்ரலிலேயே மூடிவிட்டார்கள். பழைய 2ஜி செட் அங்கே டார்ச் லைட்டாகத்தான் உதவும்.

சார்ஜர்: சிங்கப்பூர், மலேசியா இரண்டிலும் சதுர முனை மூன்று பின் சாக்கெட். நம் ஊர் உருண்டை பின்னுக்கு அடாப்டர் வேண்டும்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுப் போய் வந்தவர்கள் சொன்னவை:

உட்லண்ட்ஸ் பக்கம் தங்கிய ஒருவருக்கு நெட் விட்டு விட்டு வந்திருக்கிறது. அக்கரையில் ஜொகூர் பாரு, போன் மலேசிய டவரைப் பிடித்துக்கொண்டது. தனுஷ்கோடியில் நின்றால் நம் போனுக்கு இலங்கை சிக்னல் வருமே, அதே கதை. நெட்வொர்க் தேர்வில் ‘ஆட்டோமேட்டிக்’ என்பதை எடுத்துவிட்டு சிங்கப்பூர் கம்பெனியின் பெயரைத் தொடுங்கள். எல்லை தாண்டும்போது மறுபடி ஆட்டோமேட்டிக் போட மறந்தால் மலேசியாவில் சிக்னலே வராது. மலேசியாவும் போகிறவர்கள் இரண்டு நாட்டுக்கும் சேர்ந்த இ-சிம்மாக வாங்கிவிடுங்கள்.

இன்னொருவர் விமானத்தில் ஏரோப்ளேன் மோட் போடாமல் தூங்கிவிட்டார். சில விமானங்களுக்குள்ளேயே தனி மொபைல் நெட்வொர்க் உண்டு. ரோமிங் ஆன் ஆக இருக்கும் ஊர் சிம் அதைப் பிடித்துக்கொள்ளும், கட்டணமும் தரையில் இருப்பதுபோல் இருக்காது. ரோமிங்கை ஆன் செய்யச் சொன்ன நான் இதையும் அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

கடைசியாக, யுபிஐ ஆப்பை அங்கே போய் அழித்துவிட்டு மறுபடி போடாதீர்கள். புதிதாகப் பதியும்போது அது ஊர் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். அந்த எஸ்எம்எஸ்ஸுக்கு ரோமிங் கட்டணம் உண்டு. அது போய்ச் சேரவில்லையென்றால் ஆப் ஊர் திரும்பும்வரை திறக்காது.