பழைய டெஸ்லா மாடல் எஸ் வாங்குமுன் எதைப் பார்ப்பது

அமெரிக்காவில் ஒரு காலத்தில் 80,000 டாலர், லட்சம் டாலர் என்று விற்ற டெஸ்லாவின் மின்கார் மாடல் எஸ், இன்றைக்குப் புது ஹோண்டா சிவிக்கை விடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. விலை மலிவு, பராமரிப்புச் செலவு மலிவில்லை. ஓடிய மைலைப் பார்த்து விலை பேசுவது பெட்ரோல் காரில் வந்த பழக்கம். இந்தக் காருக்கு அது சரிப்படாது. 1,20,000 மைல் ஓடிய 2018 கார், 50,000 மைலே ஓடிய 2014 காரை விட நல்ல பேரமாக இருக்கலாம். எந்த மாதம் தயாரானது, எந்த பேட்டரி, எந்தக் கணினி, வாரண்டி எந்தத் தேதியில் முடிகிறது: இந்த நான்குக்கும் விடை தெரிந்த பிறகு வண்டியின் பளபளப்பைப் பார்த்தால் போதும்.

முதலில் காகிதம்

விற்பவரிடம் வின் நம்பரை (காரின் தனி அடையாள எண்) கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் அடுத்த வண்டிக்குப் போய்விடலாம். அந்த எண்ணை என்எச்டிஎஸ்ஏ (அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு) தளத்தில் போட்டால் முடிக்காத ரீகால், அதாவது குறையைச் சரிசெய்ய நிறுவனம் விடுத்த அழைப்பு, எல்லாம் வரும். டைட்டிலில் (உரிமைப் பத்திரத்தில்) 'சால்வேஜ்' (பெரும் சேதமடைந்தது) என்றோ 'ரீபில்ட்' (அதைச் சரிசெய்தது) என்றோ இருந்தால் அந்தக் காருக்கு சூப்பர்சார்ஜர் (டெஸ்லாவின் வேகச் சார்ஜிங் நிலையம்) வசதியை டெஸ்லா நிறுத்தியிருக்க வாய்ப்பு அதிகம். ஊர்விட்டு ஊர் போக முடியாத சொகுசு காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வாரண்டி தயாரான ஆண்டிலிருந்து தொடங்குவதில்லை, முதல் சொந்தக்காரர் கையில் கார் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து தொடங்குகிறது. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 ஆண்டு. 2020 தொடக்கம் வரை விற்ற கார்களுக்கு மைல் வரம்பு கிடையாது (ஆரம்பகால 60 கிலோவாட்-மணி காருக்கு மட்டும் 1,25,000 மைல்). அதற்குப் பிறகு 1,50,000 மைல் வரம்பு வந்தது. கூடவே, கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தரும் உறுதியும் வந்தது. பழைய வாரண்டியில் அந்த உறுதி இல்லை. பேட்டரி செத்தால் பொறுப்பு உண்டு, மெதுவாகத் தேய்ந்தால் இல்லை. 2018 மார்ச்சில் டெலிவரி ஆன காருக்கு 2026 மார்ச் வரைதான். "வாரண்டி இருக்கிறது" என்ற வாய்வார்த்தையை விட்டுவிட்டு, விற்பவரின் டெஸ்லா ஆப்பைத் திறக்கச் சொல்லி முடிவுத் தேதியைக் கண்ணால் பாருங்கள்.

எந்த பேட்டரி

முதல் கார்கள் 2012 ஜூனில் வந்தன. அவற்றில் பேர்பெற்றது 85 (மாடல் பெயரில் உள்ள எண் பேட்டரியின் கிலோவாட்-மணி அளவு). அதனுள் 7,104 சிறு செல்கள். 74 செல் சேர்ந்த கூட்டம் ஒன்று, அப்படி 96 கூட்டங்கள் தொடராகக் கோத்திருக்கும். ஒரு கூட்டம் மட்டும் நலிந்தால் போதும், முழு பேட்டரியையும் மென்பொருள் கட்டிப்போட்டுவிடும். திரையில் பிஎம்எஸ்_யு029 என்ற எச்சரிக்கை வரும், சார்ஜ் பாதியிலேயே நின்றுவிடும். இதில் பெரிய ஆபத்து என்னவென்றால், கருவி வைத்து அந்த எச்சரிக்கையை அழித்துவிட்டு விற்க முடியும். சில நாள் ஓட்டிச் சார்ஜ் போட்ட பிறகுதான் அது மறுபடி தலைகாட்டும். அதற்குள் காசு கைமாறியிருக்கும். வாரண்டி முடிந்த காருக்கு பேட்டரி மாற்ற சுமார் 13,000 முதல் 20,000 டாலர் வரை ஆகும். காரின் விலையே அவ்வளவுதான் என்பதை மறக்க வேண்டாம்.

90 பேட்டரி மற்றவற்றை விடச் சீக்கிரம் தேய்ந்தது, சூப்பர்சார்ஜரிலும் வேகம் குறைந்தது. அடிமாட்டு விலைக்கு வந்தாலொழிய 90 வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. 75டி, 100டி ('டி' என்றால் முன்னும் பின்னும் மோட்டார்) இரண்டும் நம்பகமானவை. 2019 ஏப்ரலில் வந்த 'ரேவன்' என்ற மேம்படுத்திய வகை இன்னும் மேல்: முன்பக்கம் புது மோட்டார், லாங் ரேஞ்சுக்கு 370 மைல்.

புதிதாக இருந்தபோது முழுச் சார்ஜில் காட்டிய மைல்: 85க்கு 265, 75டிக்கு 259, 90டிக்கு 294, 100டிக்கு 335. இன்று 10 சதவீதம் குறைந்திருந்தால் இயல்பு. ஆனால் திரையில் காட்டும் அந்த மைல் ஒரு கணிப்புதான். நேரடியாகக் கணக்குப் போட ஒரு வழி இருக்கிறது. 60 முதல் 90 சதவீதம் வரை சார்ஜ் உள்ள காரில் முப்பது மைல் சீராக ஓட்டுங்கள். பிறகு திரையில் 'எனர்ஜி' வரைபடத்தைத் திறந்து, 30 மைல் சராசரியைத் தேர்ந்தெடுங்கள். அங்கே இரண்டு எண்கள் இருக்கும்: மைலுக்கு எத்தனை வாட்-மணி செலவாகிறது, இன்னும் எத்தனை மைல் போகும். இரண்டையும் பெருக்கி, சார்ஜ் சதவீதத்தால் வகுக்க வேண்டும். 300 வாட்-மணி, 186 மைல், 62 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பெருக்கினால் 55.8 கிலோவாட்-மணி, 0.62 ஆல் வகுத்தால் 90. புது 100டியில் பயன்படுத்தத்தக்கது சுமார் 98. ஆக 8 சதவீதம் தேய்ந்திருக்கிறது, வாங்கலாம். புது 85க்கு இந்த எண் சுமார் 77, 75க்கு 72க்குச் சற்று மேல். மேடு பள்ளமான சாலையிலும் கடுங்குளிரிலும் கணக்கு பிசகும் என்பதால் ஒன்றிரண்டு எண் முன்பின் இருந்தால் பதற வேண்டாம்.

'ஸ்கேன் மை டெஸ்லா' ஆப்பும் அதற்கான இணைப்புக் கம்பியும் கையில் இருந்தால், நின்றிருக்கும் காரில் செல் கூட்டங்களுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாட்டைப் பார்க்கலாம். பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் ஆரோக்கியம். பல பத்துகள் காட்டினால் விலை பேசவே வேண்டாம்.

மோட்டார்

பின்சக்கரம் மட்டும் இயங்கும் 85இலும், 'பி' எழுத்துள்ள வேக மாடல்களிலும் பெரிய பின்மோட்டார் இருக்கிறது. அதன் சுழலிக்குள் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) ஓடும். அதை அடைத்து வைக்கும் சீல் தேய்ந்தால் கூலன்ட் மோட்டாருக்குள்ளேயே கசியும், வெளியே தரையில் ஒரு சொட்டும் விழாது. மோட்டாரில் உள்ள வேக சென்சாரைக் கழற்றிப் பார்த்தால் ஈரம் தெரிந்துவிடும், டெஸ்லா தெரிந்த மெக்கானிக்குக்குச் சிறிய வேலைதான். இதைச் செய்ய விடாத விற்பனையாளரிடம் பெரிய மோட்டார் காரை வாங்காதீர்கள். 75டி, 85டி, 100டி கார்களில் இருபுறமும் சிறிய மோட்டார் என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

நடுத்திரையும் அதற்குள் இருக்கும் கணினியும்

2018 மார்ச்சுக்கு முன் வந்த கார்களில் என்விடியா டெக்ரா கணினி, அதற்கு 8 ஜிபி நினைவகம். ஓயாமல் பதிவு எழுதி எழுதி அந்தச் சில்லு தேய்ந்து போனது. திரை கறுத்தது, பின்கேமரா நின்றது, ஏசி கட்டுப்பாடும் போனது. 2021இல் சுமார் 1,35,000 கார்களுக்கு ரீகால் வந்து 64 ஜிபி சில்லு மாற்றினார்கள். இந்தக் கார் அந்த ரீகாலில் போய் வந்ததா என்று கேளுங்கள். 'சாஃப்ட்வேர்' பக்கத்தில் கூடுதல் விவரத்தைத் தட்டினால் டெக்ராவா, இன்டெல் ஆட்டமா என்று எழுதியிருக்கும். ஆட்டமுக்கு மாற்றிய பழைய கார் என்றால் எஃப்எம் ரேடியோ போயிருக்கலாம், அதற்குத் தனிக் காசு. திரை ஓரத்தில் மஞ்சள் பட்டை தெரிந்தால் அது பசை பிரச்சினை, பேரம் பேச உதவும், பயப்படத் தேவையில்லை.

2014 செப்டம்பருக்கு முன் வந்த கார்களில் ஆட்டோபைலட் (ஓட்டுநருக்கு உதவும் தானியங்கி வசதி) கருவியே இல்லை. அதன் பின் 2016 அக்டோபர் வரை மொபைல்ஐ நிறுவனத்தின் சாதனம், அதில் எஃப்எஸ்டி (அதைவிட மேம்பட்ட தானோட்ட மென்பொருள்) எந்நாளும் வராது. "எஃப்எஸ்டி இருக்கிறது" என்றால் திரையில் அது காரோடு வாங்கியதா, மாதச் சந்தாவா என்று பாருங்கள். சந்தா என்றால் உங்களுக்கு வராது. இலவச சூப்பர்சார்ஜிங்கும் இப்படித்தான். 2017 ஜனவரி 15க்கு முன் ஆர்டர் செய்த கார்களில் இருந்தது, ஆனால் டெஸ்லா திரும்ப வாங்கி விற்றபோது எடுத்துவிட்டது. இலவசம் என்று சொல்லிக் கூடுதல் பணம் கேட்டால், பெயர் மாறிய பிறகு அது உங்கள் ஆப்பில் தெரிந்தால்தான் அந்தப் பணம் தரப்படும் என்று எழுதி வாங்குங்கள்.

ஓட்டிப் பார்க்கும் நாள்

நான்கு கைப்பிடிகளையும் ஐந்தாறு முறை வெளியே வரவைத்துத் திறங்கள். உள்ளே உள்ள சிறு சுவிட்சும் கம்பியும் ஒடிவது வழக்கமான நோய். ஏர் சஸ்பென்ஷன் (காற்றழுத்தத்தில் காரைத் தாங்கும் அமைப்பு) என்றால் முதல் நாள் இரவு நிறுத்திய இடத்திலேயே காலையில் போய்ப் பாருங்கள், ஒரு மூலை அமுங்கியிருந்தால் கசிவு. பிறகு உயரத்தைக் கூட்டி, 25 மைல் வேகத்திலிருந்து முழு அழுத்தம் கொடுங்கள். முன்பக்கம் கடகடவென நடுங்கினால் ஆக்சில் தண்டு தேய்ந்திருக்கிறது. மெதுவாகத் திருப்பும்போது முன்சக்கரத்தில் கிறீச்சிட்டால் மேல் கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை) தேய்ந்திருக்கிறது. டயரின் உள்விளிம்பைக் கையால் தடவுங்கள்: வெளியே புதிது போல இருந்து உள்ளே கம்பி தெரியும் டயர்கள் இந்தக் காரில் சகஜம். 21 அங்குலச் சக்கரம் பார்க்க அழகு, குழியில் விழுந்தால் பிளந்துவிடும்.

சூப்பர்சார்ஜரில் 20 சதவீதத்துக்குக் கீழே சார்ஜுடன் போய், பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள். 100டி ஆரம்பத்தில் நூறு கிலோவாட்டைத் தாண்ட வேண்டும். பழைய 85 அதைவிடக் குறைவாகத்தான் ஏற்கும்.

இன்சூரன்ஸ் விலையை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அலுமினிய உடல் என்பதால் சின்ன இடிக்கும் பட்டறைச் செலவு கனக்கும்.

பணம் கொடுக்கும் அன்று இரண்டு சாவி, சார்ஜிங் கம்பி, வீட்டுச் சார்ஜிங்குக்கான 14-50 பிளக் முனை, சாதாரண நிலையங்களுக்கான ஜே1772 இணைப்பான் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். விற்பவர் தன் டெஸ்லா கணக்கிலிருந்து காரை உங்களுக்கு மாற்றும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள். மாற்றாவிட்டால் அவர் போனிலிருந்து உங்கள் காரைத் திறக்கலாம், எங்கே நிற்கிறது என்றும் பார்க்கலாம். 2018 நடுப்பகுதி வரை வந்த சாவிகளின் மறைகுறியாக்கம் பலவீனமானது என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கார் பெயருக்கு வந்ததும் 'பின் டு டிரைவ்' (ரகசிய எண் போட்டால்தான் ஓடும்) அமைப்பை இயக்கி, பழைய ஓட்டுநர் கணக்குகளையும் சேமித்த வீட்டு முகவரியையும் அழித்துவிடுங்கள்.