சிக்கனமாக இருந்தும் கடன் குறையவில்லையா? தம்பதிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு பேரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு வருடத்தை ஓட்டியிருப்பார்கள். வெளியே போவது குறைந்திருக்கும், வாங்க நினைத்தவை எல்லாம் தள்ளிப்போயிருக்கும். வருடக் கடைசியில் கடன் பாக்கியை எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய பழைய இடத்திலேயே நிற்கும். அப்போது கோபம் பக்கத்தில் இருப்பவர் மேல்தான் பாயும்: "நீ அதை வாங்காமல் இருந்திருந்தால்...", "நீங்கள் மட்டும் என்னவாம்..."

பல வீடுகளில் கடன் கணக்கைப் பார்ப்பவர் ஒருவர், சிக்கனம் பிடிப்பவர் இன்னொருவர். வட்டி எவ்வளவு, எந்தத் தவணை எப்போது முடியும் என்பது முதலாமவருக்கு மட்டுமே தெரியும். மற்றவர் காதில் விழுவதெல்லாம் "இப்போ வேண்டாம்" என்ற பேச்சுதான். காரணம் தெரியாமல் ஒருவரால் எத்தனை மாதம் ஆசையை அடக்க முடியும்? இனி சொல்லப்போகும் தவறுகளில் பாதி இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

முழுப் பட்டியல் போடாமல் இறங்குவது

வங்கிக் கடனும் கிரெடிட் கார்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். விட்டுப்போகிறவை வேறு: அலுவலகத்தில் வாங்கிய முன்பணம், உறவினரிடம் வாங்கிய கைமாற்று, போனுக்கான தவணை, நண்பருக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்து. ஜாமீனைக் கடன் பட்டியலில் சேர்க்கப் பலருக்கும் மனம் வராது. அவர் கட்டாவிட்டால் கடன் கொடுத்தவர் உங்கள் வாசலுக்குத்தான் வருவார் என்பதால், அதையும் எழுதித்தான் ஆகவேண்டும். கணவன் மனைவி சேர்ந்து வாங்கிய கடனிலும் இப்படி ஒரு தவறான நினைப்பு உண்டு. ஆளுக்குப் பாதிதானே என்று நினைத்துக்கொள்கிறார்கள். பொதுவாகக் கூட்டுக் கடனில் ஒருவர் கட்டாவிட்டால் மொத்தத் தொகைக்கும் மற்றவர் பொறுப்பு.

ஒரு தாளில் ஐந்து கட்டம் போட்டால் போதும்: யாருக்குத் தரவேண்டும், பாக்கி எவ்வளவு, வட்டி என்ன, மாதம் எவ்வளவு போகிறது, எப்போது முடியும். இதை ஒருவர் தயாரித்து மற்றவரிடம் நீட்டக்கூடாது, சேர்ந்து உட்கார்ந்து எழுதவேண்டும். எழுதும்போது, அதுவரை சொல்லாமல் வைத்திருந்த கடன் ஒன்று வெளியே வரலாம். கோபம் வருவது இயல்புதான். ஆனால் அன்றைக்கே அதைப் பெரிய சண்டையாக்கிவிட்டால் அடுத்த கடன் வெளியே வரவே வராது. முதலில் தாளில் ஏறட்டும், ஏன் வாங்கினார் என்ற பேச்சை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பது

கிரெடிட் கார்டு பில்லில் 'குறைந்தபட்சம் கட்டவேண்டிய தொகை' என்று ஒரு வரி இருக்கும். அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, யாரும் போன் செய்ய மாட்டார்கள். அந்த அமைதிக்கு என்ன விலை என்று பார்க்கலாம். பாக்கி 1 லட்சம், மாத வட்டி 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டில் புதிதாக ஒரு பொருள்கூட வாங்காமல், மாதாமாதம் தவறாமல் அதை மட்டும் கட்டி வந்தால், 32 மாதம் கழித்தும் ஏறக்குறைய 50,000 பாக்கி நிற்கும். அதற்குள் நீங்கள் கட்டியிருப்பது சுமார் 1.2 லட்சம்! வாங்கிய கடனைவிட அதிகமாகக் கட்டியும் பாதிக் கடன் அப்படியே இருக்கிறது.

மாதம் 3 சதவீதம் என்றால் வருடத்துக்கு 36 என்று மனக்கணக்குப் போடுவோம். வட்டிக்கு வட்டி சேரும்போது அது 42 சதவீதத்தைத் தாண்டுகிறது. போதாததற்கு, பழைய பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்குவதற்குப் பெரும்பாலான கார்டுகளில் வட்டியில்லாத நாட்கள் கிடைப்பதில்லை. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

இந்த நிலையிலும் சிலர் ஃபிக்ஸட் டெபாசிட்டைத் தொடமாட்டார்கள். "சேமிப்பில் கை வைக்கக்கூடாது" என்பது நல்ல வைராக்கியம்தான். ஆனால் 7 சதவீத வட்டியில் 1 லட்சம் போட்டு வைத்தால் வருடத்துக்கு 7,000 வரும், அதே 1 லட்சம் கார்டில் பாக்கியாக நின்றால் 36,000-க்கு மேல் போகும். அவசரத்துக்கென்று கொஞ்சம் ஒதுக்கிவிட்டு மீதியை எடுத்துக் கார்டை அடைப்பதுதான் கணக்குக்குச் சரி.

சொல்லும் வட்டியை அப்படியே நம்புவது

'12 சதவீதம்தான்' என்பார்கள். அது முதலில் வாங்கிய மொத்தத் தொகைக்கும் கடைசி மாதம் வரை போடும் வட்டியா, குறைந்து வரும் பாக்கிக்கு மட்டும் போடும் வட்டியா என்று கேட்கவேண்டும். முதல் வகையில் 1 லட்சத்துக்கு மூன்று வருடத்தில் 36,000 வட்டி. அசலைத்தான் மாதாமாதம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோமே! குறைந்து வரும் பாக்கிக் கணக்கில் பார்த்தால் இது 21 சதவீதத்துக்குச் சமம்.

'வட்டியில்லாத் தவணை'யும் இப்படித்தான். மொத்தமாகப் பணம் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி தவணையில் கிடைக்காது, அல்லது செயலாக்கக் கட்டணம் என்ற பெயரில் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும்.

சில்லறையைப் பிடித்துக்கொண்டு பெரியதை விடுவது

விளக்கை அணைப்பது, தள்ளுபடிக் கூப்பன் தேடுவது எல்லாம் நல்ல பழக்கங்களே. வீட்டு வாடகையும் வாகனச் செலவும் தவணைகளும் சம்பளத்தில் முக்கால்வாசியைத் தின்னும்போது, மீதிக் கால்வாசியில் எவ்வளவு கிள்ளிவிட முடியும்? தேவைக்கு மேல் பெரிதாக இருக்கும் வீடு, வாரத்தில் ஐந்து நாள் சும்மா நிற்கும் இரண்டாவது வாகனம் மாதிரி விஷயங்களில் ஒருமுறை எடுக்கும் முடிவு, பல மாதச் சில்லறைச் சிக்கனத்துக்குச் சமம். இவற்றைப் பேசவே வீடுகளில் தயக்கம். அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம்தான் காரணம், வேறொன்றும் இல்லை.

மிச்சம் பிடித்த பணம் எங்கே போகிறது என்று பார்க்காதது

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். செலவு குறைந்தால் கடன் தானாகக் குறைந்துவிடாது. இந்த மாதம் 4,000 மிச்சம் என்று இருவரும் சந்தோஷப்படுவார்கள். அது செலவுக் கணக்கிலேயே கிடக்கும். அடுத்த வாரம் ஒரு திருமணப் பரிசு, அதற்கடுத்த வாரம் "தள்ளுபடி முடியப்போகிறது" என்று ஒரு பொருள், அப்புறம் காணவில்லை. யாரும் ஊதாரித்தனம் செய்யவில்லை, பணம் மட்டும் கரைந்துவிட்டது.

மிச்சமாகப் போகும் தொகையை மாத ஆரம்பத்திலேயே கணித்து, சம்பளம் வந்த அன்றைக்கே கடன் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். மீதியில்தான் மாதம் ஓடவேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சுவதை அனுப்பலாம் என்று இருந்தால் எதுவும் மிஞ்சாது.

ஒரு கடன் முடியும் மாதத்திலும் கவனமாக இருக்கவேண்டும். போன் தவணை 3,000 முடிந்துவிட்டது என்றால் அடுத்த மாதமே அந்த 3,000 அடுத்த கடனின் தவணையோடு சேரவேண்டும். பலரும் செய்வது, "அப்பாடா, கொஞ்சம் மூச்சு விடலாம்" என்று புதுத் தவணை ஒன்றை ஆரம்பிப்பது. சம்பள உயர்வும் இப்படித்தான் வந்த சுவடு தெரியாமல் போகும். உயர்வில் பாதியாவது கடனுக்கு என்று, சம்பள உயர்வுக் கடிதம் கைக்கு வரும் முன்பே இருவரும் பேசி வைத்துக்கொண்டால் பிழைத்தது.

ஒருவர் காவல்காரர், மற்றவர் குற்றவாளி

பை வீட்டுக்குள் வந்ததும் "இது எவ்வளவு?" என்ற கேள்வி. இரண்டு மாதம் இப்படிக் கேட்டால் போதும், மூன்றாவது மாதம் பை கண்ணில் படாமல் உள்ளே போகும், பில் குப்பைக்குப் போகும். கடனை விட மோசமான பழக்கம் அது.

இதற்கு எளிய வழி, இருவருக்கும் ஒரே அளவில் ஒரு சிறிய கைச்செலவுப் பணம். அதை எதில் செலவழித்தார் என்று மற்றவர் கேட்கவே கூடாது. சம்பாதிப்பவர் ஒருவர்தான் என்றாலும் இருவருக்கும் சம அளவு, அதில் பேரம் வேண்டாம். அதோடு, குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகும் எந்தச் செலவையும் வாங்கும் முன்பே பேசிவிடுவது என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளலாம். வாங்கிய பிறகு நடக்கும் விசாரணையை இது பெரும்பாலும் தவிர்த்துவிடும்.

இருவரும் சம்பாதிக்கும் வீட்டில் "செலவை ஆளுக்குப் பாதி" என்பது நியாயமாகத் தெரியும். ஒருவர் சம்பளம் 60,000, மற்றவருடையது 40,000, பொதுச் செலவும் தவணையும் சேர்ந்து 70,000 என்று வையுங்கள். ஆளுக்கு 35,000 போட்டால் ஒருவர் கையில் 25,000, மற்றவர் கையில் 5,000. கையில் 5,000 வைத்திருப்பவருக்கு மாதம் பாதியில் துண்டு விழும், கார்டைத் தேய்ப்பார், இருக்கும் கடன்களோடு புதுக் கடன் ஒன்றும் முளைக்கும். சம்பள விகிதப்படி 42,000-மும் 28,000-மும் போட்டால் மீதி 18,000, 12,000 என்று நிற்கும். இரண்டு பேராலும் தாக்குப்பிடிக்க முடியும்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டிவிடுவதும் நிலைக்காது. இரண்டு பேருக்கும் பிடித்த ஏதாவது ஒன்றைப் பட்ஜெட்டில் விட்டுவையுங்கள். மூன்று வருடம் ஓடவேண்டிய திட்டத்தை மூன்றே மாதத்தில் வெறுத்துவிடக்கூடாது.

அவசரத்துக்கு ஒன்றும் வைக்காமல் அத்தனையையும் கடனுக்குக் கொட்டுவது

வேகமாக அடைக்கும் ஆர்வத்தில் கையிருப்பைத் துடைத்துவிட்டால், வண்டி பழுதானாலோ பல் வலித்தாலோ மறுபடி கார்டுதான். அடைத்த கடன் அதிக வட்டியில் திரும்பி வரும். ஒரு மாத அத்தியாவசியச் செலவுக்கான பணத்தையாவது முதலில் ஒதுக்கிவிட்டு அப்புறம் கடனில் இறங்குங்கள். வருடம் ஒருமுறை வரும் செலவுகளும் அப்படித்தான். பள்ளிக் கட்டணம், காப்பீட்டுத் தவணை, வரி எதுவுமே திடீரென வருவதில்லை, எந்த மாதம் வரும் என்று முன்பே தெரியும். மொத்தத்தை 12-ஆல் வகுத்து மாதாமாதம் எடுத்து வைத்தால் அந்த மாதம் கையைக் கடிக்காது. சிக்கனம் என்று மருத்துவக் காப்பீட்டை நிறுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். பெரிய கடனை நோக்கித் திரும்பும் குறுக்கு வழி அது.

எந்தக் கடன் முதலில் என்று சண்டை போடுவது, எல்லாவற்றையும் ஒரே கடனாக்குவது

வட்டி அதிகமான கடனை முதலில் அடைத்தால் மொத்தச் செலவு குறையும். சிறிய கடனை முதலில் முடித்தால் ஒன்று ஒழிந்தது என்ற தெம்பு வரும். இரண்டும் வேலை செய்யும். ஆளுக்கொரு முறையில் தனித்தனியாகக் கட்டுவதுதான் வேலைக்கு ஆகாது. வட்டி வித்தியாசம் பெரிதாக இருந்தால் முதல் வழி, ஏறக்குறைய சமமாக இருந்தால் உங்களில் சீக்கிரம் சோர்ந்துபோகிறவருக்குப் பிடித்த வழி.

பல கடன்களை ஒன்றாக்கும்போது தவணை குறைவதை மட்டும் பார்த்து மயங்கிவிடக்கூடாது. 18 சதவீதத்தில் 1 லட்சம், இரண்டு வருடம்: தவணை சுமார் 4,990, மொத்த வட்டி சுமார் 19,800. அதையே 14 சதவீதத்தில் ஐந்து வருடக் கடனாக மாற்றினால் தவணை சுமார் 2,330-ஆக இறங்கும், மொத்த வட்டி 39,600-ஆக ஏறும். வட்டி விகிதம் குறைந்தும் வட்டி இரட்டிப்பு! புதுக் கடனுக்கும் பழைய தவணையையே கட்டிவந்தால்தான் லாபம். முன்கூட்டிக் கட்ட அபராதம் உண்டா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். காலியான கார்டுகளை மறுபடி தேய்க்க ஆரம்பித்தால் இரண்டு கடனும் சேர்ந்து நிற்கும்.

வீட்டுக் கடன் இருப்பவர்கள் வங்கி தரும் தவணை அட்டவணையை ஒருமுறை இருவருமாகப் பிரித்துப் பாருங்கள். 9 சதவீதத்தில் 20 வருடக் கடன் என்றால் முதல் தவணையில் ஆறில் ஐந்து பங்கு வட்டிக்கே போகும். 14 வருடம் கட்டிய பிறகுதான் அசல் பாதியாகும். வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டிவந்தால் மூன்று வருடத்துக்கு மேல் முன்னதாக முடிந்துவிடும். கூடுதலாகக் கட்டும்போது "காலத்தைக் குறையுங்கள், தவணையைக் குறைக்க வேண்டாம்" என்று எழுதிக் கொடுக்க மறக்காதீர்கள். தவணையைக் குறைத்துக்கொண்டால் மிச்சமாகும் வட்டி கொஞ்சம்தான்.

கடைசித் தவணை போன பிறகும் கொஞ்சம் வேலை இருக்கிறது. பாக்கி எதுவும் இல்லை என்ற சான்றிதழை வாங்கவேண்டும், அடமானமாகக் கொடுத்த அசல் ஆவணங்களைத் திரும்பப் பெறவேண்டும், கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதியை ரத்து செய்யவேண்டும். இரண்டு மூன்று மாதம் கழித்துக் கடன் வரலாற்று அறிக்கையை எடுத்து, அந்தக் கடன் முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கூட்டுக் கடன் என்றால் இருவர் அறிக்கையையும் தனித்தனியாக எடுத்துப் பார்க்கவேண்டும். ஒருவர் அறிக்கையில் சரியாக இருந்து மற்றவருடையதில் இன்னும் பாக்கி என்று காட்டினால், அந்தச் சான்றிதழின் நகலோடு எழுதித் திருத்தக் கேளுங்கள்.