அறுபதுக்கு மேல் நண்பர்களோடு நடைப்பயணம்: நேரக் கணக்கு போடுவது எப்படி?

நாங்கள் நாலு பேர். மூவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, ஒருவனுக்கு எழுபத்தொன்று. ஒரே கிராமத்தில் ஐந்து நாள் தங்கி, தினமும் ஒரு பாதையில் நடந்துவிட்டு இரவு அறைக்குத் திரும்புவது எங்கள் ஏற்பாடு. இரண்டாவது தடவை எல்லாம் ஒழுங்காக அமைந்தது. முதல் தடவை பட்ட பாட்டிலிருந்து வந்ததுதான் இந்தச் செய்முறை.

படி 1: ஆள்

நாலு பேர் என்பது நல்ல எண்ணிக்கை. ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணைக்கு இருப்பார், இரண்டு பேர் உதவி தேடிப் போகலாம். எட்டுப் பேர் சேர்ந்தால் நடப்பதை விடக் காத்திருப்பதே அதிகம்.

படி 2: ஷூ

மாலையில் போய் வாங்குங்கள். பகலெல்லாம் நடமாடி கால் சற்று வீங்கியிருக்கும். அந்த அளவுதான் பாதைக்குச் சரி. புது ஷூவோடு நேராகப் பயணத்துக்குக் கிளம்ப வேண்டாம். கால்நகத்தை முந்தின வாரமே ஒட்ட வெட்டுங்கள். நான் வெட்டாமல் போனேன். இறக்கத்தில் கால் முன்னால் சறுக்கிச் சறுக்கி, பெருவிரல் நகம் ஷூ முனையில் இடித்துக் கறுத்துவிட்டது. அது விழுந்து முளைக்க மாதக்கணக்கில் ஆயிற்று.

படி 3: நேரம் (நான் சறுக்கிய இடம்)

மேப்பில் 12 கிலோமீட்டர் என்று இருந்தது. 'மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்போம், இரண்டரை மணி நேரம், மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்' என்று அடித்துச் சொன்னவன் நான்தான். அறைக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிக்கொண்டிருந்தது. எழுபத்தொன்று என்னோடு இரவு வரை பேசவில்லை.

நான் பார்க்கத் தவறியது சமஉயரக் கோடுகளை. மேப்பில் விரல்ரேகை மாதிரி வளைந்து வளைந்து போகுமே, அவைதான். விலகி விலகி இருந்தால் சமதளம். நெருங்கி ஒட்டிக் கிடந்தால் செங்குத்து. எங்கள் பாதை அந்த நெருக்கத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. மொத்த ஏற்றம் 600 மீட்டர்.

இதற்கு 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு ஒன்று இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். எங்கள் பாதைக்கு இது 3 மணி 24 நிமிடம். ஆனால் அவர் சொன்னது நல்ல உடற்கட்டு உள்ளவர்களுக்கு. உட்காருவதும் படம் எடுப்பதும் அதில் சேராது. ஆகவே நான் ஒன்றரையால் பெருக்குகிறேன்: 5 மணி 6 நிமிடம். நின்று இளைப்பாற ஒரு மணி நேரம். ஆக ஆறு மணி நேரம். அன்றைக்கு எங்களுக்கு ஆனதும் ஏறக்குறைய அதுதான்.

ஆப் என்று கேட்டால் ஆர்கானிக் மேப்ஸ்தான் என் கட்சி. ஊரிலேயே மேப்பை இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். நடைபாதையைக் குறித்தால் மொத்த ஏற்ற இறக்கத்தையும் காட்டிவிடும். போனை ஃப்ளைட் மோடில் போட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், பேட்டரியும் தாங்கும். காகித மேப் ஒன்றும் பையில் இருக்கட்டும்.

படி 4: கோல்

ஏற்றத்தில் மூச்சு வாங்கும், இறக்கத்தில்தான் முட்டி போகும். இரண்டு கைக்கும் இரண்டு கோல் வேண்டும். சமதளத்தில் முழங்கை செங்கோணத்தில் மடங்கும் அளவு உயரம். இறங்கும்போது ஐந்து, பத்து சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளுங்கள். திருகி இறுக்கும் வகை வேண்டாம், பிடிப்பு குறைந்த விரல்களுக்கு அது வம்பு. நெம்பிப் பூட்டும் கிளிப் வகையாகப் பாருங்கள். கார்பனை விட அலுமினியம் மேல்: பாறையிடுக்கில் மாட்டினால் கார்பன் முறிந்துவிடும், அலுமினியம் பெரும்பாலும் வளைவதோடு சரி.

படி 5: வரிசை

மெதுவாக நடப்பவர் முன்னால். பின்னால் விட்டால் என்ன ஆகும் தெரியுமா? முன்னால் போனவர்கள் நின்று இளைப்பாறுவார்கள். இவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் 'சரி, கிளம்பலாமா?' என்பார்கள். எல்லோருக்கும் ஓய்வு, களைத்தவருக்கு மட்டும் கிடையாது. முதல் நாள் எழுபத்தொன்றுக்கு இதைத்தான் செய்தோம்.

பின்சேர்க்கை 1: இறங்கும்போது தரை மங்குகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். ப்ரோக்ரஸிவ் கண்ணாடியின் கீழ்ப்பாதி படிப்பதற்கானது. அதன் வழியே காலடியைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். தூரப் பார்வைக்கு மட்டுமான கண்ணாடி ஒன்று தனியாக எடுத்துப் போங்கள்.

பின்சேர்க்கை 2: தண்ணீர் பற்றிப் பலர் கேட்டீர்கள். வயதானால் தாகம் சரியாகத் தெரியாது. எனவே தவிக்கும் வரை காத்திருக்காமல், நிற்கும்போதெல்லாம் நாலு மிடறு குடியுங்கள். ரத்த அழுத்தத்துக்கோ நீர் பிரியவோ மாத்திரை எடுப்பவர்கள் கிளம்புமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை 3: ஓய்வு நாள் எப்போது? மூன்றாம் நாள். இறக்கத்தில் பட்ட தொடைவலி மறுநாள் தொடங்கி அதற்கடுத்த நாள்தான் உச்சத்துக்குப் போகும். நாங்கள் மூவரும் அன்று படுத்துக் கிடந்தோம். எழுபத்தொன்று மட்டும் 'சும்மா வாசல் வரைக்கும்' என்று போய், இரண்டு மணி நேரம் கழித்துச் சேறு படிந்த ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தான்.