டர்பன் வீட்டில் ஓர் அறைக்கு மட்டும் குளிர்ச்சி: நகர்த்தும் ஏ.சி.யைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தை மாதம் காவடி எடுக்கும் நாட்களில், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வெயிலைவிட ஈரம்தான் அதிகம் வாட்டும். வெப்பமானி 30 பாகையைத் தொடாத இரவில்கூட, இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்றால் வியர்வை காயாது, தூக்கமும் வராது. அந்த மூன்று நான்கு மாதங்களுக்காக ஒரே ஓர் அறையைக் குளிர்விக்க நினைப்பவர்களுக்கு, சக்கரம் வைத்த நகர்த்தும் ஏ.சி. ஒரு வழி. முதன்முறை வாங்குபவர்களை மனதில் வைத்து, கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சொந்த வீடு, துளை போடச் சுவர், வெளிப்பெட்டியை மாட்ட இடம் மூன்றும் இருந்தால் ஸ்பிளிட் ஏ.சி.யே வாங்குங்கள். அதே மின்சாரத்தில் அதிகக் குளிர்ச்சி கிடைக்கும், சத்தமும் வெளியே போய்விடும். வாடகை வீட்டில் இருப்பவர்கள், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் புறநகர்களில் பின்கட்டு அறையில் குடியிருப்பவர்கள், வெளிச்சுவரில் பெட்டி மாட்ட நிர்வாகக் குழுவின் அனுமதி கிடைக்காத அடுக்குமாடிவாசிகள் ஆகியோருக்குத்தான் நகர்த்தும் ஏ.சி. பொருந்தும்.

படி 1: அது உண்மையிலேயே ஏ.சி.தானா?

கடையில் ஒரே வரிசையில் இரண்டு வகை நிற்கும். ஒன்று ஏர் கூலர்: தண்ணீர் ஊற்றி, ஈரமான அட்டை வழியாகக் காற்றை ஊதுவது. மற்றொன்று கம்ப்ரஸர் உள்ள ஏ.சி. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். விலை மட்டும் மிகவும் வேறுபடும், விலையைப் பார்த்துப் பலர் முதல் வகையைத் தூக்கிவிடுகிறார்கள்.

தண்ணீர் ஆவியாகும்போது காற்று குளிர்வது உண்மைதான். ஆனால் காற்று வறண்டிருந்தால்தான் தண்ணீர் தாராளமாக ஆவியாகும். வட கேப்பில் உள்ள அப்பிங்டன் போன்ற வறண்ட ஊரில் ஏர் கூலர் நன்றாக வேலை செய்யும். டர்பன் கோடையில் அது அறைக்குள் இன்னும் ஈரத்தைச் சேர்க்கும், புழுக்கம்தான் கூடும். இதில் எனக்குத் தயக்கமே இல்லை: கடலோரத்தில் இருப்பவர்கள் ஏர் கூலரில் பணத்தைப் போடாதீர்கள். அடையாளம் எளிது. கம்ப்ரஸர் உள்ள ஏ.சி.க்குப் பின்னால் சூடான காற்றை வெளியேற்றும் தடித்த குழாய் இருக்கும். குழாய் இல்லையென்றால் அது ஏ.சி. இல்லை.

படி 2: இயந்திரத்தைப் பார்க்குமுன் ஜன்னலைப் பாருங்கள்

எல்லாரும் பி.டி.யூ., அதாவது குளிர்விக்கும் திறன் கணக்கிலிருந்து தொடங்குகிறார்கள். தென்னாப்பிரிக்க வீடுகளில் ஜன்னலிலிருந்துதான் தொடங்க வேண்டும். இந்தக் குழாயை வெளியே விட இடமில்லாவிட்டால் எவ்வளவு பெரிய இயந்திரமும் பயன்படாது. அறையிலிருந்து எடுத்த வெப்பத்தை, தன் மோட்டாரின் வெப்பத்தையும் சேர்த்து, அதே அறைக்குள் திரும்பக் கொட்டும்.

பெட்டியோடு வரும் ஜன்னல் பட்டை பெரும்பாலும் பக்கவாட்டில் அல்லது மேலும் கீழும் நகரும் ஜன்னலுக்காகச் செய்யப்பட்டது. நம் பழைய வீடுகளில் இருப்பதோ இரும்புச் சட்டம் போட்ட, கதவுபோல வெளிப்புறம் திறக்கும் ஜன்னல். உள்பக்கம் திருடனுக்குப் பயந்து போட்ட கம்பிகள் வேறு. குழாயின் விட்டம் 13 முதல் 15 சென்டிமீட்டர் வரை இருக்கும். கம்பிகளுக்கு நடுவே அது நுழையாது. இதற்காகக் கம்பியை அறுக்கவும் கூடாது, பாதுகாப்பை விட்டுக் குளிர்ச்சியை வாங்குவது சரியில்லை.

வழி இருக்கிறது. குழாய் வெளியே போக வேண்டியதில்லை, காற்று வெளியே போனால் போதும். ஜன்னல் திறப்பின் அளவுக்கு ஒரு பாலிகார்பனேட் பலகையோ வர்ணம் பூசிய பிளைவுட் பலகையோ வெட்டி, கம்பிகளின் உட்புறத்தில் பொருத்துங்கள். அதில் குழாயின் வாய் அளவுக்கு வட்டமாகத் துளை போட்டு, குழாயை அங்கே இறுக்குங்கள். சூடான காற்று கம்பிகளைக் கடந்து திறந்த ஜன்னல் வழியாகப் போய்விடும். பலகையின் நான்கு ஓரங்களிலும் ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டி இடைவெளியை அடையுங்கள். ஜன்னல் கதவை முழுவதும் திறந்து கொக்கி மாட்ட வேண்டும். பாதி திறந்து வைத்தால் சூடான காற்று கதவில் மோதி உள்ளே திரும்பும்.

துணியில் ஜிப் வைத்துத் தைத்த மறைப்பும் விற்கிறார்கள். வெளிப்புறம் திறக்கும் ஜன்னலுக்கு அது ஏற்றதுதான். ஆனால் கம்பி போட்ட ஜன்னலில் குழாயை அதுவரை கொண்டுபோக முடியாது. வெர்வெட் குரங்குகள் சுற்றும் தெருக்களில் துணி நிலைக்குமா என்பதும் சந்தேகம். வாழைப்பழ வாசனைக்கு ஜன்னல் வழியே கை விடும் குரங்கைத் தடுக்கப் பலகைதான் நல்லது. பூச்சிக்காக வலை போடுவதென்றால் கண் பெரிய வலையாகப் பாருங்கள். கொசு வலை போட்டால் அடைத்துக்கொண்டு, காற்று வெளியேறத் திணறும்.

இப்போது நாடாவை எடுத்து மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஜன்னல் திறப்பின் அகலம், உயரம், தரையிலிருந்து ஜன்னல் விளிம்பு வரை உள்ள உயரம். குழாய் பெரும்பாலும் ஒன்றரை மீட்டர்தான் நீளும். மேலே உள்ள சிறு ஜன்னலில் விட நினைத்தால் எட்டுமா என்று முன்பே தெரிய வேண்டும். வேறு குழாயைச் சேர்த்து நீட்டாதீர்கள். நீளம் கூடினால் காற்று தடைப்படும், சூடேறிய குழாயே அறையைச் சூடாக்கும்.

படி 3: அறைக்கு எவ்வளவு பி.டி.யூ.?

பி.டி.யூ. என்பது ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வெப்பத்தை அகற்றும் என்பதன் அளவு. நாம் ஒரு டன் என்று சொல்வது 12,000 பி.டி.யூ. சாதாரண அறைக்குச் சதுர மீட்டருக்கு 600 என்று கணக்கிடலாம். 3 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளம் என்றால் 12 சதுர மீட்டர், 7,200 பி.டி.யூ. வருகிறது.

இதோடு நிற்காதீர்கள். மேலே தகரக்கூரை, கூரைக்கடியில் வெப்பத்தடுப்புப் பஞ்சு இல்லை என்றால் கால்பங்காவது கூட்டுங்கள். இரண்டு பேருக்கு மேல் படுத்தால் ஆளுக்கு 600 சேருங்கள். சூரியனையும் பார்க்க வேண்டும். நாம் தென் அரைக்கோளத்தில் இருக்கிறோம், இங்கே நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் தெற்கு ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டு வடக்கைத் திறந்து வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கோடையில் எல்லாவற்றையும்விடக் கொடியது மேற்கு ஜன்னல். மாலை வெயில் நேராக உள்ளே விழும். அங்கே வெளிப்புறம் நிழல் விழும்படி ஏதாவது கட்டிவிட்டால், சிறிய இயந்திரமே போதுமானதாகிவிடும்.

பெட்டியில் அச்சிட்ட எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். அமெரிக்காவில் இந்த வகை ஏ.சி.க்கு இரண்டாவதாக, நடைமுறைக்கு நெருக்கமான ஓர் எண்ணும் குறிப்பிடுகிறார்கள். 14,000 என்று விளம்பரம் செய்யும் இயந்திரத்துக்கு அந்த இரண்டாவது எண் பெரும்பாலும் 8,000 முதல் 10,000 வரைதான் இருக்கும். இரண்டு எண்கள் தெரிந்தால் சிறியதை எடுத்துக் கணக்குப் போடுங்கள். ஒன்றுதான் தெரிகிறதென்றால், மேலே சொன்ன 12 சதுர மீட்டர் அறைக்கு, தகரக்கூரையையும் கணக்கில் எடுத்து, 12,000 வாங்குவதே சரியாக இருக்கும்.

படி 4: ஒரு குழாயா, இரண்டு குழாயா?

எண்கள் இவ்வளவு குறைவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஒரு குழாய் உள்ள இயந்திரம், தன் சூட்டைத் தணிக்க அறையின் காற்றையே எடுத்து வெளியே தள்ளுகிறது. மணிக்கு 300 கன மீட்டர் அளவு காற்று இப்படிப் போகும் என்று வையுங்கள். நம் 12 சதுர மீட்டர் அறையில், கூரை 2.4 மீட்டர் உயரம் என்றால், மொத்தக் காற்றே ஏறத்தாழ 29 கன மீட்டர்தான். அதாவது ஆறே நிமிடத்தில் ஓர் அறை நிறையக் காற்று வெளியேறுகிறது. அதை ஈடுகட்டக் கதவிடுக்கு, கூரை இடுக்கு, சுவர் ஓட்டை எல்லாவற்றின் வழியாகவும் வெளிக்காற்று நுழையும். டர்பனில் அந்தக் காற்று சூடாகவும் ஈரமாகவும் இருக்கும்.

இரண்டு குழாய் உள்ள இயந்திரம் ஒன்றின் வழியாக வெளிக்காற்றை இழுத்து, மற்றதன் வழியாக வெளியே விடும். குளிர்ந்த காற்று அறையிலேயே தங்கும். கிடைத்தால், ஜன்னலில் இரண்டு துளைக்கு இடமிருந்தால், இதையே வாங்குங்கள். ஆனால் கடைகளில் அதிகமாகக் கிடைப்பது ஒற்றைக் குழாய்தான். அதை வாங்கினால், ஈடுசெய்யும் காற்று எங்கிருந்து வரவேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். வெயிலில் கொதிக்கும் கூரை இடுக்குகளை அடைத்துவிட்டு, நிழலான நடைவழிப் பக்கம் கதவடியில் மட்டும் சிறிது இடம் விடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. வீட்டுக்குள் கேஸ் கீசர் இருந்தால் ஒற்றைக் குழாய் இயந்திரத்தை அதன் அருகில் ஓட்டாதீர்கள். அறையிலிருந்து காற்று இழுக்கப்படும்போது கீசரின் புகை வெளியே போகாமல் உள்ளே திரும்பக்கூடும்.

படி 5: தண்ணீர் எங்கே போகும்?

ஈரக்காற்று குளிரும்போது தண்ணீராகச் சொட்டும். பல இயந்திரங்கள் அந்தத் தண்ணீரைச் சூடான பகுதியில் தெளித்து ஆவியாக்கிக் குழாய் வழியாக அனுப்பிவிடும். வறண்ட ஊரில் இது போதும். பிப்ரவரி மாத டர்பனில் இயந்திரத்தால் ஈடுகொடுக்க முடியாமல் போகலாம். தொட்டி நிறைந்தால் கம்ப்ரஸர் தானாக நின்றுவிடும், பெரும்பாலும் நடு இரவில். ஆகவே தொடர்ந்து தண்ணீர் வடிய வாய் உள்ள இயந்திரமாகக் கேட்டு வாங்குங்கள். அந்த வாய் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். மிகத் தாழ்வாக இருந்தால் வாளி வைக்க முடியாது, இயந்திரத்தைச் சிறு மேடை மேல் ஏற்ற வேண்டிவரும்.

ஈரத்தை மட்டும் எடுக்கும் முறை இருக்கிறதா என்றும் கேளுங்கள். மழை பெய்து ஓய்ந்த இரவுகளில் அதுவே போதும், அறை மிகவும் சில்லென்று ஆகாது. ஆயாவோ கைக்குழந்தையோ படுக்கும் அறைக்கு நான் முதலில் பார்க்கும் வசதி இது.

படி 6: பிளக், யூனிட், மின்வெட்டு

12,000 பி.டி.யூ. இயந்திரம் ஏறத்தாழ 1.3 கிலோவாட் இழுக்கும். நிற்காமல் ஆறு மணி நேரம் ஓடினால் 7.8 யூனிட். உங்கள் பிரீபெய்டு சீட்டை எடுத்து, கட்டிய பணத்தைக் கிடைத்த யூனிட்டால் வகுத்துப் பாருங்கள். அதுதான் உங்கள் உண்மையான விலை. யூனிட் 3 ராண்ட் என்று வைத்துக்கொண்டால் ஓர் இரவுக்கு 23 ராண்ட் 40 சென்ட், முப்பது இரவுக்கு ஏறத்தாழ 700 ராண்ட். இந்தத் தொகை உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்று வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். விலை சற்றுக் கூடினாலும், தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் உள்ளது தினமும் ஓட்டுபவர்களுக்கு நல்லது.

மூன்று உருண்டை முனை உள்ள 16 ஆம்பியர் சுவர் பிளக்கில் நேராகச் செருகுங்கள். மல்டிபிளக், நீட்டிப்பு ஒயர் வேண்டவே வேண்டாம். ஒயர் சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. இரண்டு முனைப் பிளக்கோடு வந்தால் தரமான 16 ஆம்பியர் அடாப்டர் ஒன்று வாங்குங்கள்.

2023இல் மின்வெட்டுக்குப் பயந்து பலர் சிறிய பேட்டரிப் பெட்டி வாங்கி வைத்தார்கள். ஒரு கிலோவாட் பெட்டியால் இந்த ஏ.சி.யை ஓட்ட முடியாது. மின்சாரம் நின்று திரும்ப வந்தால், இயந்திரத்தை மூன்று நிமிடமாவது கழித்து இயக்குங்கள்.

படி 7: சத்தம்

கம்ப்ரஸர் உங்களோடு அதே அறையில் இருக்கும். 50 டெசிபெலுக்கு மேல் வருவது வழக்கம். குறைந்த வேகத்தில் எவ்வளவு என்று பெட்டியில் பாருங்கள், முடிந்தால் கடையில் ஓடவிட்டுக் கேளுங்கள்.

படி 8: வாங்கும்போதும் வீட்டுக்கு வந்தபின்னும்

உள்ளே குளிர்விக்கும் வாயு எது என்று பாருங்கள். புதியவற்றில் ஆர் 290, அதாவது புரொப்பேன், அதிகம் வருகிறது. புவி வெப்பமடைவதில் அதன் பங்கு மிகக் குறைவு, கரியமில வாயுவை 1 என்று வைத்தால் பழைய ஆர் 410ஏ வாயுவுக்கு அந்த அளவு 2,088, இதற்கு 3. ஆனால் எரியக்கூடியது. கையேட்டில் சொன்ன குறைந்தபட்ச அறை அளவைவிடச் சிறிய அறையில் வைக்காதீர்கள். பூசை விளக்கு அருகிலும் வேண்டாம்.

இணையத்தில் வாங்கினால், பொருள் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பித் தரச் சட்டம் இடம் தருகிறது. திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது. எங்கு வாங்கினாலும், ஆறு மாதத்துக்குள் பொருளில் குறை தெரிந்தால் பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் தருகிறது. ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

காரில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால், நிமிர்த்தி வைத்து கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருங்கள், அது பல மணி நேரமாக இருக்கலாம். கம்ப்ரஸரின் எண்ணெய் கீழே இறங்க வேண்டும். எடை 25 முதல் 35 கிலோ இருக்கும், மாடிப்படி என்றால் இரண்டு பேர் தூக்குங்கள்.

வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். சாம்பிராணியும் சூடமும் தினமும் ஏற்றும் வீடானால் வாரம் ஒருமுறை கழுவுங்கள், புகைக்கரி மெல்லிய படலமாக ஒட்டிக் காற்றைத் தடுத்துவிடும்.