மேற்கு வெயிலைத் தடுக்கத் துளைத் தகடு: முகப்பில் பொருத்துவது எப்படி?

சென்னையில் மேற்குப் பார்த்த மாடியறையில் கோடைப் பிற்பகலில் உட்கார முடியாது. திரைச்சீலை போட்டால் வெளிச்சம்தான் குறையும். கண்ணாடியைத் தாண்டி வந்த வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மறிக்க வேண்டும். அந்த வேலையைத் துளையிட்ட அலுமினியத் தகடு அருமையாகச் செய்யும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது டிசைன் அல்ல, திறப்பு விகிதம்: தகட்டின் பரப்பில் நூற்றுக்கு எத்தனை பங்கு துளை? பக்கத்துத் துளைகள் மூன்றும் சமபக்க முக்கோணமாக அமையும்படி வட்டத் துளைகளை அடுக்கினால் கணக்கு எளிது. துளை விட்டத்தின் வர்க்கத்தை, மையத்துக்கு மையம் உள்ள தூரத்தின் வர்க்கத்தால் வகுத்து 90.7ஆல் பெருக்குங்கள். 10 மி.மீ. துளை, 15 மி.மீ. தூரம் என்றால் 40 சதவீதம். தூரத்தை 20 மி.மீ. ஆக்கினால் 22.7தான். மேற்குச் சுவருக்கு நான் 30ஐத் தாண்ட மாட்டேன். சான் பிரான்சிஸ்கோவில் 2005இல் திறந்த டி யங் அருங்காட்சியகத்தின் செப்புத் தகடுகளைப் போலத் துளைகளைப் பெரிதும் சிறிதுமாக்கி உருவம் வரையலாம். அதுவும் இந்த விகிதத்துக்குள் நிற்கட்டும்.

அடுத்து, ஒரு மாதிரித் தகடு வாங்கி ஜன்னலுக்கு வெளியே பிடித்துப் பாருங்கள். பகலில் மட்டும் பார்த்தால் போதாது. இரவில் உள்ளே விளக்கு எரியும்போது தெருவிலிருந்து அறை தெரியும். படுக்கையறைக்குத் திரைச்சீலை அப்போதும் தேவை.

தகடு 3 மி.மீ. கனம் இருக்கட்டும். துளையின் விட்டம் அந்தக் கனத்தைவிடக் குறையக் கூடாது. துளையிட்டு, மடித்து முடித்த பிறகே பவுடர் கோட்டிங். முன்பே பூசினால் துளைகளின் விளிம்பெல்லாம் வெறும் உலோகமாக நிற்கும். கடற்காற்று அங்கேதான் அரிக்கத் தொடங்கும்.

பொருத்துவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். 3 மீட்டர் அலுமினியத் தகடு, வெப்பம் 40 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 3 மி.மீ. நீளும். எல்லா மூலையையும் இறுக்கினால் தகடு புடைக்கும். ஓர் இடத்தில் மட்டும் வட்டத் துளை, மற்ற இடங்களில் நீள்துளை வைத்துத் துருப்பிடிக்காத எஃகு போல்ட் போடுங்கள். தகட்டைத் தாங்கும் இரும்பு பிரேமும் அலுமினியமும் நேரடியாகத் தொடாதபடி நடுவில் நைலான் வாஷர் வேண்டும்.

தகட்டுக்கும் சுவருக்கும் இடையே ஆள் நுழைந்து துடைக்க இடம் விட்டு, மேலும் கீழும் திறந்தே வையுங்கள். சூடான காற்று மேலே ஏறிப் போய்விடும். துளை இருப்பதால் காற்று தள்ளாது என்று எண்ண வேண்டாம். இந்தியத் தரநிலைப்படி சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகம் (கட்டட வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ளும் பலத்த காற்றின் வேகம்) நொடிக்கு 50 மீட்டர். பிரேமையும் அதைச் சுவரில் பிடிக்கும் ஆங்கர் போல்ட்டையும் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டுத் தந்த பிறகே சுவரில் துளை போடுங்கள்.