ஊர் வரலாறு தேடுறப்போ பண்ற தப்புகள்

நான் கிளை நூலகம் ஒண்ணுல லைப்ரரியனா இருக்கேன். ஊர்ல எப்பவோ நடந்த அதிசயம், பழைய அறிவியல் சங்கதினு தேடி யாராவது வந்தா எனக்கு அவ்ளோ சந்தோஷம், ஆனா பாதி பேர் மணிக்கணக்கா புரட்டிட்டு ஒண்ணும் கெடைக்கலனு கெளம்பிடுறாங்க, என்னனு பாத்தா தேடுன வருஷமே தப்பா இருக்கும்.

தமிழ் வருஷத்துலதான் நிறைய பேர் சறுக்குறாங்க. 60 வருஷத்துக்கு ஒருதடவ அதே பேரு திரும்ப வரும்ல, அப்போ தாத்தா நோட்டுல "சுபானு வருஷம்"னு இருந்தா அது 1883ஆ 1943ஆ? பக்கத்துல கொல்லம் ஆண்டோ சக ஆண்டோ (பேரு திரும்ப வராம நம்பரா ஏறிட்டே போற பழைய ஆண்டுக் கணக்கு) போட்டிருக்கானு பாருங்க, இல்லன்னா கிழமையும் நட்சத்திரமும் எந்த வருஷத்துக்கு ஒத்து வருதுனு பாருங்க. அப்புறம் வருஷம் சித்திரைலதான பொறக்குது, அதனால அந்த பழைய சுபானு தை மாசம்னா 1884 ஜனவரி, 1883 இல்ல.

அதே 1883 செப்டம்பர்லதான் மெட்ராஸ்ல சூரியன் பச்சையா தெரிஞ்சுச்சு. கேட்டதும் கட்டுக்கதைனு தள்ளிடாதீங்க, ஆகஸ்ட் 27 அன்னைக்கு இந்தோனேசியா பக்கம் கிரகடோவா எரிமலை பெருசா வெடிச்சு அந்த தூசியும் புகையும் மேல போயி மேற்கு பக்கமா பூமிய சுத்தி இங்க வர ரெண்டு வாரம் ஆச்சு. துகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சைஸ்ல இருந்தா சிவப்பு வெளிச்சம் அதிகமா சிதறிடும், பச்சையும் நீலமும் மிஞ்சும். எரிமலை வெடிச்ச தேதிய வச்சு ஆகஸ்ட் பேப்பர மட்டும் பாத்தா எப்படி கெடைக்கும்?

மணியையும் அப்படியே எடுத்துக்காதீங்க. 1906க்கு முன்னாடி இங்க மெட்ராஸ் டைம், இப்ப இருக்கறத விட கிட்டத்தட்ட 9 நிமிஷம் பின்னாடி. பழைய கிரகண நேரத்த இன்னைக்கு சாஃப்ட்வேர்ல போட்டு பாத்துட்டு பேப்பர்காரன் தப்பா எழுதிட்டான்னு முடிவு பண்ணிடாதீங்க, ப்ளீஸ்.

ஊர் பேரும் அப்படித்தான். பழைய இங்கிலீஷ் கெஸட்டியர்ல (ஊர் விவரம் எல்லாம் தொகுத்த அரசாங்க புக்) திருச்சினு தேடுனா வராது, ட்ரிச்சினோபோலி. திருநெல்வேலிக்கு டின்னவேலி, தரங்கம்பாடிக்கு ட்ராங்குபார்.

எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கறது ஹீலியம் கதைதான். "1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தப்போ குண்டூர்ல ஜான்சன் ஹீலியத்த கண்டுபிடிச்சார்"னு எல்லா இடத்துலயும் இருக்கு. பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் அந்த சூரிய கிரகணத்த குண்டூர்ல பாத்தது உண்மை, ஆனா அவரோட பெரிய சாதனை சூரியன் ஓரத்துல எழும்புற தீப்பிழம்ப கிரகணம் இல்லாம சும்மாவே பாக்கலாம்னு காட்டுனது. அந்த தீப்பிழம்பு வெளிச்சத்த நிறம் நிறமா பிரிச்சா ஒரு மஞ்சள் கோடு தெரியும், ஹீலியத்தோட அடையாளம் அதுதான். மெட்ராஸ் ஆப்சர்வேட்டரியோட (வான ஆய்வு நிலையம்) போக்சன் மசூலிப்பட்டினத்துல இருந்து பாத்தப்பவே அந்த மஞ்சள் கோடு சோடியம் கோட்டோட சரியா பொருந்தலனு குறிச்சு வச்சுட்டாரு. அது சோடியம் இல்லவே இல்லனு அக்டோபர்ல இங்கிலாந்துல வானியலாளர் லாக்யர் பிடிச்சாரு, பூமில ஹீலியம் கெடைச்சது 1895ல வேதியியலாளர் ராம்சே கையில. ஒரே பேர பிடிச்சுக்கிட்டா நம்ம பக்கத்துல இருந்து பாத்த போக்சன் காணாமலே போயிடுறாரு, அதனால ஒரு புக்ல கெடைச்ச வரியோட நிறுத்தாம அன்னைக்கு பாத்தவங்க எழுதுன ரிப்போர்ட்ட ஒருதடவ கேட்டு வாங்கிப் படிங்க.